வாய்திறந்து சொல்வதும் நட்பே
(இளம் பயணிகளும் வீதிப் பாதுகாப்பும் பற்றிய ஒரு நோக்கு)

புலம்பெயர்ந்து வந்த நாடுகளிலே நம் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகின்றனர் என்பதை அறிவிக்கும் அடையாளங்கள் பல. அவற்றுள் சாரதி அனுமதிப்பத்திரம் முக்கியமான ஒன்றாகும். நாம் வாழும் நோர்வே நாட்டிலே பதினெட்டு வயது நிறைந்ததும் காரின் திறப்பு பிள்ளையின் கைக்கு வந்துவிடுகின்றது. அன்றுமுதல் அப்பிள்ளை வீட்டின் சாரதியாகவும் ஆகிவிடுகின்றது. தம்பியை உதைபந்தாட்டப் பயிற்சிக்கு ஏற்றிச் செல்வதும், மச்சாளை நடன வகுப்பிலிருந்து கூட்டி வருவதும், மாலைவேலை முடித்து வரும் தாயைத் தொழிற்சாலை வாசலிலே காத்திருந்து ஏற்றுவதும் அப்பிள்ளையின் பொறுப்பாகின்றன. இதனையிட்டு நாம் பெருமை கொள்கிறோம். பெருமை கொள்வது முறையே.

ஆயின், அந்தக் காரிலே சாரதி ஒருவர். ஏறிச் செல்வோரோ மூவர் அல்லது நால்வர். சாரதியாவதற்கு இந்நாட்டிலே முறையான பயிற்சி உண்டு. பயணியாவதற்கு எவரும் பயிற்சி அளிப்பதில்லை. நண்பன் அளவுமீறிய வேகத்தில் ஓட்டும்போது பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் என்ன செய்யவேண்டும்? கைத்தொலைபேசியைப் பார்த்தவாறு ஓட்டும் அண்ணாவிடம் பின்னாசனத்துத் தங்கை எவ்வாறு பேசவேண்டும்? இவ்வினாக்களை நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் நாம் போதிய அளவு எழுப்பவில்லை என்றே கூறவேண்டும். இவ்வாண்டு மலரின் வாயிலாக அவற்றைப் பெற்றோர் முன்னும் மாணவர் முன்னும் வைக்க விழைகிறோம்.

நோர்வே கண்ட வழி

இவ்விடயத்திலே நாம் வாழும் இந்நாடு உலகிற்கு ஒரு முன்னோடி என்பதைப் பலர் அறியார். 1970ஆம் ஆண்டிலே நோர்வேயின் வீதிகளில் 560 பேர் உயிரிழந்தனர். ஐம்பது ஆண்டுகளின் பின், சனத்தொகையும் வாகனங்களும் பெருகியிருந்த 2020ஆம் ஆண்டிலே அத்தொகை 93 ஆகக் குறைந்திருந்தது. நல்ல வீதிகள், உறுதியான வாகனங்கள், ஆசனப்பட்டிச் சட்டம், வேகக் கட்டுப்பாடு, மது பற்றிய கடுமையான சட்டம் எனப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து இந்த வெற்றியை ஈட்டின. ஆயினும் வாகனம் ஓட்டத் தொடங்கும் இளைஞரும் அவர்களுடன் பயணம் செய்யும் இளைஞரும் நெடுங்காலமாகவே கூடிய ஆபத்துக்குள் இருந்து வந்தனர். வார இறுதி இரவுகளிலே இது மிகத் தெளிவாகத் தெரிந்தது.

மேற்குக் கரையிலே, மலைகளுக்கும் கடற்கழிகளுக்கும் இடையே அமைந்திருந்த சொக்ன் ஒக் ஃபியோர்டானே மாவட்டம் (2020 முதல் இது வெஸ்ட்லாண்ட் மாவட்டத்தின் ஒரு பகுதி) 1993ஆம் ஆண்டிலே ஒரு புதிய முயற்சியைத் தொடங்கிற்று. அதுவரை வீதிப் பாதுகாப்புப் பிரசாரங்கள் பெரும்பாலும் சாரதிகளை நோக்கியே பேசின. 'மெதுவாக ஓட்டுங்கள்' என்று சாரதியிடம் சொல்வதே வழக்கமாக இருந்தது. இப்புதிய முயற்சியோ பக்கத்தில் இருப்பவரை நோக்கிப் பேசிற்று. 16 முதல் 19 வயது வரையுள்ள இளம் பயணிகளே அதன் இலக்கு. அதன் பெயர் 'ஸை இஃப்ரோ'. தமிழிலே 'சொல்லிவிடு' எனலாம். சாரதி ஆபத்தாக ஓட்டினால் அதனைச் சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு. சொல்வது கோழைத்தனம் ஆகாது என்பதே அதன் சாரம்.

ஒஸ்லோவிலுள்ள போக்குவரத்துப் பொருளாதார ஆய்வு நிறுவனம் இம்முயற்சியின் பயனை ஆராய்ந்து 1999இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அம்மாவட்டத்திலே விபத்துகளில் கொல்லப்பட்ட அல்லது காயமுற்ற அவ்வயதுப் பயணிகளின் தொகை கால்பங்குக்கு மேல் குறைந்தது என்பது அந்த ஆய்வின் முடிவு. பின்னர் இம்முயற்சி நாட்டின் வேறு மாவட்டங்களுக்கும் பரவிற்று. வாயிலிருந்து வரும் ஒரு சொல், செலவில்லாத ஒரு சொல், உயிர் காக்கும் கருவியாக அமையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வேகமும் கணக்கும்

சொல்லவேண்டியதன் அவசியத்தை உணர்வதற்குச் சிறிது கணக்குப் பார்த்தல் நன்று. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடிக்கு 22 மீற்றர் ஓடுகின்றது. வந்த குறுஞ்செய்தியை வாசிக்கச் சாரதி மூன்று விநாடி கண்ணை எடுத்தால், 66 மீற்றர் தூரம் அந்தக் காரைக் கண்ணற்றவர் ஒருவர் ஓட்டியதற்கு ஒப்பாகும்.

அபாயத்தைக் கண்டு பிறேக்கை மிதிப்பதற்கே சாதாரண மனிதருக்கு ஏறக்குறைய ஒரு விநாடி செல்லும். அதன் பின், காய்ந்த வீதியிலே 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் நிற்பதற்கு ஏறத்தாழ 30 மீற்றர் வேண்டும். வழுக்கும் பனிக்கட்டியின் மேலோ 200 மீற்றருக்கு மேல் வேண்டியிருக்கும். அதாவது இரண்டு உதைபந்தாட்டத் திடல்களின் நீளம். மார்கழி மாதத்து இரவிலே வளைவொன்றின் அப்பால் காட்டுமான் ஒன்று நின்றால், அந்த இருநூறு மீற்றரை எவரிடம் கடன் கேட்பது?

இன்னொரு கணக்கு. வேகம் 80 இலிருந்து 100 ஆகக் கூடும்போது, வேகம் கால்பங்குதான் கூடுகின்றது. மோதலின் சக்தியோ ஒன்றரை மடங்குக்கு மேலாகின்றது. சக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும் என்பது பாடசாலையிலே படித்த விதி. இதற்கு ஈடாகக் கிடைக்கும் இலாபம் என்ன? 20 கிலோமீற்றர் தூரத்தை 80 இல் ஓடினால் பதினைந்து நிமிடம். 100 இல் ஓடினால் பன்னிரண்டு நிமிடம். மூன்று நிமிடமே மிச்சம்.

ஆசனப்பட்டி பற்றியும் ஒரு சொல். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது, ஏறத்தாழப் பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடமொன்றின் உச்சியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். பின்னாசனத்திலே பட்டி அணியாது இருப்பவர் தமக்கு மட்டும் தீங்கு தேடுவதில்லை; முன்னாசனத்தில் இருப்பவர்மீது அவ்வளவு விசையுடன் சென்று மோதுகிறார். இந்நாட்டுச் சட்டப்படி 15 வயதுக்குக் குறைந்தோர் பட்டி அணிவதற்குச் சாரதி பொறுப்பாளி. அவ்வயதைக் கடந்தவரோ தமக்குத் தாமே பொறுப்பாளி. சட்டமே பயணியைப் பொறுப்புள்ள ஒருவராக மதிக்கின்றது என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

நண்பர்கள் ஏறினால் ஏன் ஆபத்துக் கூடுகின்றது?

தாயும் தந்தையும் அருகிலிருக்கப் பழகிய காலத்திலே நிதானமாக ஓட்டிய பிள்ளை, நண்பர்கள் மூவர் ஏறியதும் ஏன் வேறொருவராக மாறுகிறது? இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையன்று. ஐக்கிய அமெரிக்காவிலே 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, 17 வயதுச் சாரதி ஒருவர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளுடன் செல்லும்போது அவர் விபத்தில் இறக்கும் ஆபத்து, தனியே ஓட்டுவதைவிட ஏறத்தாழ மூன்று மடங்காகின்றது. 2005இல் வெளியான இன்னோர் ஆய்விலே, கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று வெவ்வேறு வயதினருக்குக் கொடுக்கப்பட்டது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்ம வயதினர் தனியே விளையாடியதைவிடக் கூடுதலாக ஆபத்தைத் தேடினர். இருபத்துநான்கு வயதைக் கடந்தோரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

நிதானித்து முடிவெடுக்கும் மூளைப்பகுதி இருபது வயதின் நடுப்பகுதி வரை முதிர்ச்சியடைந்துகொண்டே இருக்கின்றது என்பர் அறிவியலார். ஆகவே, நண்பர்களின் சிரிப்பும் கைதட்டும் இளஞ்சாரதியின் காலை வேக மிதியின்மேல் அழுத்துகின்றன எனலாம். இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? நண்பர்களின் பார்வை வேகத்தைக் கூட்ட வல்லதாயின், அவர்களின் சொல் அதனைக் குறைக்கவும் வல்லது. சாரதியின்மீது அதிகாரம் உள்ளவர் பின்னாலிருந்து விரட்டி வரும் காவற்றுறையினர் மட்டுமல்லர். அருகிலே அமர்ந்திருக்கும் தோழனும் தோழியுமே ஆவர்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, நம்மவர் பெருந்தொகையாக வாழும் அந்த இடத்திலே, இடைநிலை அனுமதிப்பத்திரம் பெற்ற பத்தொன்பது அல்லது அதற்குக் குறைந்த வயதினர், முதல் ஆறு மாதமும் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை அவ்வயதுப் பயணி ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்ற விதி உண்டு. வீட்டாருக்கு அதிலே விலக்கு உண்டு. நோர்வேயிலே அவ்வாறான பயணித்தொகைக் கட்டுப்பாடு இல்லை. பதினாறு வயது முதல், ஐந்து ஆண்டு அனுபவமுள்ள, இருபத்தைந்து வயது நிறைந்த ஒருவரை அருகிலே இருத்திப் பழகலாம்; பதினெட்டிலே தனியே ஓட்டலாம்; முதல் இரண்டு ஆண்டு சோதனைக் காலத்திலே குற்றப்புள்ளிகள் இரட்டிப்பாகும். இரத்தத்தில் மதுவின் எல்லை 2001 முதல் ஆயிரத்துக்கு 0.2 மட்டுமே. இவ்வளவும் சட்டம் செய்வது. ஐந்து ஆசனமும் நிறைந்த காருக்குள்ளே நள்ளிரவில் நடப்பதைச் சட்டம் காணாது. அங்கே இருப்பவர்தாம் காணமுடியும்.

நாம் ஏன் மௌனமாகிறோம்?

நம் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவரிடையே இது குறித்து ஒரு கலந்துரையாடல் நடத்தினோம். 'பயந்ததுண்டா?' என்ற வினாவுக்குக் கைகள் பல உயர்ந்தன. 'சொன்னதுண்டா?' என்றபோது கைகள் தாழ்ந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். ஒரு மாணவி எழுந்து, "சொன்னால் அடுத்த முறை என்னை ஏத்தமாட்டினம், சேர்" என்றாள். மற்றொருவன், "மற்ற ஆக்கள் எல்லாரும் சிரிச்சுக்கொண்டு இருந்தவை. எனக்கு மட்டுந்தான் பயம் எண்டு நினைச்சன்" என்றான். வேறொருத்தி தயங்கித் தயங்கி, "அவர் எனக்கு அண்ணா முறை. எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாள். இம்மூன்று விடைகளிலும் இவ்விடயத்தின் முழு உளவியலும் அடங்கியிருந்தது.

இரண்டாவது விடையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1968ஆம் ஆண்டிலே லட்டானே, டார்லி என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை நடத்தினர். அறையொன்றிலே வினாத்தாள் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் முன்னே, சுவர்த் துவாரத்தினூடாகப் புகை செலுத்தப்பட்டது. தனியே இருந்தவர்களில் 75 வீதத்தினர் எழுந்து சென்று அறிவித்தனர். ஆனால், எதுவும் நடவாததுபோல இருக்கும்படி முன்னரே சொல்லிவைக்கப்பட்ட இருவருடன் இருந்தவர்களில் 10 வீதத்தினரே அறிவித்தனர். மற்றவர்கள் கண்ணைக் கசக்கியவாறு எழுதிக்கொண்டேயிருந்தனர். பிறருடைய அமைதியைப் பார்த்து, 'ஆபத்து இல்லைப் போலும்' என்று ஒவ்வொருவரும் எண்ணிவிடுகிறோம். காரினுள்ளே நடப்பதும் இதுவே. நால்வரும் பயந்திருப்பர், நால்வரும் மற்ற மூவரையும் பார்த்துச் சிரித்திருப்பர்.

இதற்கு மருந்தும் உண்டு. சொலமன் ஆஷ் என்னும் உளவியலாளர் 1950களிலே நடத்திய பரிசோதனைகளிலே, கூட்டம் முழுவதும் பிழையான விடையைக் கூறியபோது, தனித்து விடப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு சேர்ந்து பிழையையே கூறினர். ஒரேயொருவர் சரியான விடையைத் துணிந்து கூறியதும், அத்தவறு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. ஆகவே முதலாவதாகப் பேசுபவர் தம்மை மட்டும் காப்பதில்லை. பேச அஞ்சியிருந்த மற்ற மூவரின் நாவையும் அவிழ்த்துவிடுகிறார். இரண்டாவதாக 'ஓம், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது' என்று சொல்பவரின் பங்கும் சிறியதன்று. பெரும்பாலும் அந்த இரண்டாவது குரலே காரின் வேகத்தைக் குறைக்கின்றது.

மரியாதையும் இடித்துரையும்

மூன்றாவது விடையே நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. 'அண்ணா முறை, எப்படிச் சொல்வது?' இவ்வினா நம் பண்பாட்டின் உள்ளிருந்து எழுகின்றது. பெரியோரை எதிர்த்துப் பேசலாகாது என்று நாமே இப்பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். வாரந்தோறும் இதே வகுப்பறையிலே பணிவையும் மரியாதையையும் போதிக்கிறோம். அப்போதனை, ஆபத்து வேளையிலே பிள்ளையின் வாயைக் கட்டிவிடுமாயின், நாம் பாதியைத்தான் கற்பித்தோம் என்பதே பொருள்.

மறுபாதி நம் மொழியிலேயே உள்ளது. வள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்திலே, நண்பன் எல்லை கடக்கும்போது முன்சென்று கடிந்து கூறுவதை நட்பின் நோக்கமாகவே வைத்தார். 'இடித்துரைத்தல்' என்ற அழகிய சொல்லைத் தமிழ் நமக்குத் தந்துள்ளது. மன்னனுக்கே இடித்துரைக்கும் பெரியாரைத் துணைக்கொள்ளச் சொன்ன மரபு நம்முடையது. மன்னனுக்குச் சொல்லலாம் என்றால், கார் ஓட்டும் அண்ணனுக்குச் சொல்லலாகாதோ?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நோர்வேஜிய மொழியிலே இன்று எவரையும் 'டூ' என்ற ஒரே சொல்லால் விளிக்கின்றனர். தமிழிலோ நீ, நீர், நீங்கள் என்ற படிநிலைகள் உண்டு. இப்படிநிலை பேச்சைத் தடுப்பதற்காக ஏற்பட்டதன்று. கடினமானதைக்கூட மனம் நோகாது சொல்வதற்காக ஏற்பட்டது. "அண்ணா, கொஞ்சம் மெதுவாப் போங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு" என்ற தொடரைப் பாருங்கள். அதிலே முறைப்பெயர் இருக்கின்றது, மரியாதை விகுதி இருக்கின்றது, கண்டிப்பும் இருக்கின்றது. இதிலே எந்தப் பணிவு குறைந்துபோயிற்று? தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஏவல் வினைமுற்றைப் படிப்பிக்கும்போது இத்தொடரையும் ஓர் உதாரணமாகக் கரும்பலகையில் எழுதலாம்.

எவ்வாறு சொல்வது?

சொல்லவேண்டும் என்று மட்டும் கூறிவிட்டு, எவ்வாறு என்பதைக் கூறாது விடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. மாணவர் மனதில் இருத்தத்தக்க சில வழிகளைக் கீழே தருகிறோம்.

1. ஏறுமுன் பாருங்கள். சாரதி மது அருந்தியிருக்கிறாரா? இரவு வேலை செய்து உறங்காமல் வந்திருக்கிறாரா? ஐந்து பட்டியுள்ள காரிலே ஆறாவது ஆளுக்கு இடம் தேடுகின்றனரா? ஏறாமல் விடுவது, ஏறிய பின் சொல்வதைவிட எளிது.

2. தொடக்கத்திலேயே சொல்லுங்கள். வேகம் 90 ஆகும்போது சொல்வது எளிது. 130 ஆகும்போது குரலே எழாது.

3. சாரதியைப் பழிக்காதீர்கள். 'உனக்கு ஓட்டத் தெரியாது' என்றால் அவர் தம் திறமையைக் காட்ட இன்னும் விரைவார். 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று உங்கள் நிலையைச் சொல்லுங்கள். ஒருவருடைய பயத்தோடு எவரும் வாதாட முடியாது.

4. உதவியாக மாற்றுங்கள். 'செய்தியை நான் வாசித்துச் சொல்லுகிறேன், தொலைபேசியைத் தாருங்கோ' என்று கேட்டு வாங்கலாம். பாட்டின் ஒலியைக் குறைக்கலாம். பாதை காட்டும் பொறுப்பை ஏற்கலாம்.

5. கத்துவதோ, தோளைப் பிடித்து இழுப்பதோ, சுக்கானில் கை வைப்பதோ ஒருபோதும் கூடாது. அவையே விபத்துக்குக் காரணமாகிவிடும்.

6. கேளாவிடின், 'வயிற்றைப் பிரட்டுது, நிப்பாட்டுங்கோ' என்று கூறுங்கள். தம் காரின் ஆசனத்தை நேசிக்கும் எந்த இளைஞரும் இதனைக் கேட்டு நிறுத்துவார். பாதுகாப்பும் வெளிச்சமும் உள்ள இடத்திலே, எண்ணெய் நிரப்பும் நிலையம் போன்ற ஓரிடத்திலே, இறங்கி வீட்டிற்கு அழையுங்கள். பனிக்காலத்தில் ஆளரவமற்ற இருண்ட வீதியில் இறங்குவதும் ஆபத்தே என்பதை மறவாதீர்கள்.

7. மற்றொருவர் சொல்லும்போது மௌனமாக இராதீர்கள். 'ஓம்' என்ற ஒரு சொல் போதும்.

பெற்றோர்க்கு

முதலாவது மாணவி கூறிய விடையின் பின்னே இன்னொரு பயமும் மறைந்திருந்ததைப் பின்னர் அறிந்தோம். வீட்டிலே சொல்லாமல் ஒரு விருந்துக்குப் போயிருந்தால், இறங்கி நின்று யாரை அழைப்பது? 'அப்பா ஏசுவார்' என்ற பயம், விபத்தைப் பற்றிய பயத்தினும் பெரிதாயிருக்கின்றது. இது நம் வீடுகளின் உண்மை. இதனை நாம் மாற்றியே ஆகவேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளைக்கு ஒரு வாக்குறுதி அளிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: 'எந்த நேரமாயினும், எந்த இடமாயினும், யாருடன் இருந்தாயாயினும், அழை. நாம் வருவோம். அன்றிரவு ஒரு கேள்வியும் கேளோம்.' கண்டிக்க வேண்டியது இருப்பின், மறுநாள் காலை ஆறுதலாக இருந்து பேசலாம். கார் இல்லாத வீட்டினர் வாடகைக் காருக்கான பணத்தை ஒதுக்கி வைக்கலாம். அல்லது உறவினர், அயலவர் இருவரோடு முன்னரே பேசி வைக்கலாம். வேலை முடிந்து களைத்து உறங்கும் தந்தைக்கு அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து செல்வது சுமையே. ஆயின் அந்த அழைப்பைச் செய்பவர் பிள்ளையாக இருக்கும்வரை அது ஒரு பாக்கியம். வேறொருவர் அழைத்துச் செய்தி சொல்லும் இரவு எவர்க்கும் வேண்டா.

அடுத்து, நம்மையே நாம் நோக்குவோம். பிறந்தநாள் விழாவிலும் திருமண விருந்திலும் மது அருந்திய பின், 'ஒரு கிளாஸ்தானே, எனக்கு ஒண்டும் செய்யாது' என்று கூறித் திறப்பை எடுக்கும் தந்தையர் நம்மிடையே இல்லையா? பின்னாசனத்திலே அமர்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை அந்த இரவிலே ஒரு பாடம் படிக்கின்றது. பெரியவர் பிழை செய்தால் பேசாதிருக்க வேண்டும் என்பதே அப்பாடம். எட்டு ஆண்டுகளின் பின், நண்பனின் காரிலே அப்பிள்ளை அந்தப் பாடத்தை மறவாமல் ஒப்புவிக்கும். 'அப்பா, நீங்கள் குடிச்சிருக்கிறியள், அம்மா ஓட்டட்டும்' என்று பிள்ளை கூறும்போது கோபம் கொள்ளாது திறப்பைக் கொடுப்பவரே நல்லாசிரியர்.

மற்றும், அனுமதிப்பத்திரம் பெற்ற மறுவாரமே பிள்ளையின்மீது குடும்பத்தின் எல்லா ஓட்டங்களையும் சுமத்தாதிருப்போம். விளையாட்டு விழாவுக்காக இருநூறு கிலோமீற்றர் தூரம், ஐவரை ஏற்றி, நள்ளிரவில் திரும்புவது புதிய சாரதிக்குரிய பணியன்று. விழாக்களை ஒழுங்கு செய்யும் நம் அமைப்புகளும் நிகழ்ச்சிகளை நேரத்தோடு முடிப்பதையும், தூர இடத்தவர்க்கு ஒரு பேருந்தை ஒழுங்கு செய்வதையும் சிந்திப்பது நன்று.

சாரதியாகும் இளைஞர்க்கு

திறப்பைக் கையில் வைத்திருக்கும் இளைஞரே, யுவதியரே! உங்களிடம் ஒருவர் 'மெதுவாகப் போ' என்று கூறினால், அது உங்கள் திறமைமீது கூறப்பட்ட குறையன்று. நால்வர் தம் உயிரை உங்கள் கையிலே ஒப்படைத்துள்ளனர். அவர்களில் ஒருவர் அதனை நினைவூட்டுகிறார், அவ்வளவே. கார் புறப்படுமுன் நீங்களே, 'நான் வேகமாகப் போனால் சொல்லுங்கோ' என்று ஒரு முறை கூறிப்பாருங்கள். அந்த ஒரு வாக்கியம் பின்னாசனத்தில் இருக்கும் வயதிற் குறைந்தவர்க்கும் நாவைத் தரும். அவ்வாறு கூறும் சாரதியே உண்மையான அண்ணன், உண்மையான அக்கா.

போரிலும் புலப்பெயர்விலும் எத்தனையோ உயிர்களை இழந்து வந்த சமூகம் நாம். குண்டுக்கும் கடலுக்கும் தப்பி வந்து, குளிரிலே உழைத்து வளர்த்த பிள்ளைகளை, மூன்று நிமிட நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இழக்கலாகாது. அன்று நாம் வாய்திறக்க முடியாத காலங்கள் இருந்தன. இங்கே நம் பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. அவர்கள் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். நாம் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இவ்விழாவிற்கு வந்த அனைவரும் ஆசனப்பட்டி அணிந்து, நிதானமாக ஓட்டி, நலமே இல்லம் சேர்வீர்களாக என வாழ்த்தி அமைகிறோம்.